ஒரு துளி எத்தனை நாள் காத்திருக்கும்?

கே: தண்ணீர் 100 டிகிரியில்தானே ஆவியாகும்? கடல் கொதிப்பதில்லையே?

கொதிப்பது வேறு, ஆவியாவது வேறு. கொடியில் போட்ட ஈரத்துணி காய அடுப்பா மூட்டுகிறோம்? நீரின் மூலக்கூறுகளில் சில மற்றவற்றைவிட வேகமானவை. மேற்பரப்பில் இருக்கும் அவை பிய்த்துக்கொண்டு காற்றில் ஏறிவிடும். உலகில் ஆவியாகும் நீரில் ஏறத்தாழ 85 சதவீதம் இப்படிக் கடலிலிருந்தே கிளம்புகிறது.

கே: அப்படியானால் மழைநீர் ஏன் உப்புக் கரிப்பதில்லை?

நீர்தான் ஏறுகிறது, உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. அலை தெறிப்பதில் கொஞ்சம் உப்புத்தூள் காற்றில் கலப்பதுண்டு. அது அடுத்த பதிலில் வரும்.

கே: மேகத்துக்கு எடை உண்டா? பிறகு ஏன் விழுவதில்லை?

உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் உள்ள வெண்பஞ்சு மேகத்தில் கன மீட்டருக்கு அரை கிராம் நீர் என்று வைத்தாலே 500 டன் வருகிறது. ஆனால் ஒவ்வொரு துளியும் சுமார் 0.02 மில்லிமீட்டர்தான், வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் இறங்கும். கீழிருந்து எழும் காற்று அதைவிட வேகம். ஆக, மேகத்துளி விழுந்துகொண்டேதான் இருக்கிறது, தரைக்கு வந்து சேர்வதில்லை!

இந்தத் துளிகள் எப்படி உண்டாகின்றன? சில்லென்ற நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பாருங்கள். ஆவி படிய அங்கே ஒரு பரப்பு கிடைத்தது. வானத்தில் அந்த வேலையைத் தூசியும் புகையும் மேலே சொன்ன உப்புத்தூளும் செய்கின்றன. 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்றுக்கு இப்படிப்பட்ட பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். பல மேகங்கள் பெய்யாமலே கலைவதில் வியப்பென்ன?

கே: இன்று ஆவியான நீர் எப்போது மழையாகும்?

சராசரியாக 9, 10 நாளில். காற்றிலுள்ள ஆவி முழுவதும் ஒரேயடியாகக் கொட்டினால் பூமியெங்கும் 2.5 சென்டிமீட்டர் நீர்தான் நிற்கும். உலகின் ஆண்டு சராசரி மழையோ ஏறத்தாழ ஒரு மீட்டர். அந்தச் சின்னக் கையிருப்பு ஆண்டுக்கு 40 தடவை தீர்ந்து நிரம்பினால்தான் கணக்கு சரியாகும்.

பாடப்புத்தகத்தின் நீர்ச்சுழற்சிப் படத்தின் மீது எனக்குள்ள புகாரும் இதுதான். அம்புக்குறிகள் எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுவதுபோலத் தோன்றும். உண்மையில் கடலில் விழுந்த துளி மறுபடி கிளம்ப சராசரியாக 3,000 ஆண்டுக்கு மேல் ஆகும். அண்டார்டிகாவில் துளைத்தெடுத்த பனியிலோ 8 லட்சம் ஆண்டுப் பழையது இருக்கிறது.

கே: டைனோசர் குடித்த நீரைத்தான் நாமும் குடிக்கிறோமா?

பாதி சரி. ஒளிச்சேர்க்கையில் செடி நீரை உடைக்கிறது; நம் உடலில் உணவு எரியும்போது புதிய நீர் உண்டாகிறது. போதாக்குறைக்கு, டம்ளரில் சும்மா நிற்கும் நீரிலேயே மூலக்கூறுகள் ஹைட்ரஜனை ஓயாமல் கைமாற்றிக்கொள்கின்றன. அதே அணுக்கள் என்றால் ஒத்துக்கொள்வேன், அதே நீர் என்றால் மாட்டேன்.