சின்னக் குழந்தைகளோடு நீச்சல் குளம் உள்ள ரிசார்ட்டுக்குப் போகிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

ரெண்டு வயதிலும் நாலு வயதிலும் குழந்தைகள், மே மாத லீவுக்கு ஏலகிரி, ரிசார்ட்டில் நீச்சல் குளம், கையில் மாட்டும் காற்று ஃப்ளோட்டர் வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அது விளையாட்டுச் சாமான். ஈரக் கையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும், காற்றும் இறங்கும். அதைவிட மோசம், அதை மாட்டிவிட்ட தைரியத்தில் நாம் போனை எடுத்துவிடுவோம்.

நான் வேலூர்க்காரன். கத்திரி வெயில் தொடங்கினால் ஏலகிரிக்கு ஓடும் கூட்டத்தில் நாங்களும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் அப்படிப் போயிருந்தோம். குளத்தைச் சுற்றிப் பெரியவர்கள் மட்டும் பதினோரு பேர். வழியில் ஆம்பூரில் வாங்கிய பிரியாணியை மச்சான் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லார் கண்ணும் அங்கேதான். அக்கா மகள், நாலு வயது, குளத்துப் படியில் உட்கார்ந்து காலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா சத்தத்தைக் காணோமே?" என்று ஆயா (எங்கள் பாட்டி) கேட்டார்.

திரும்பினால், அவள் கடைசிப் படியும் தாண்டித் தண்ணீருக்குள். நின்ற வாக்கில், தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், முடி கண்ணை மூடியபடி. கத்தவில்லை, கையை ஆட்டிக் கூப்பிடவில்லை. அக்கா கட்டிய புடவையோடு இறங்கித் தூக்கினாள். இருமினாள், அழுதாள், பிழைத்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஆறடி இருந்தால் அதிகம்.

'காப்பாத்துங்க' என்று கத்துவதெல்லாம் சினிமாவில்தான். மூச்சு இழுக்கவே வழியில்லாதபோது கத்த ஏது மூச்சு?

ஆயாவுக்கு வேலூரை அடுத்த அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் கிராமம். "கெணத்துல உழுந்தா தொப்புனு ஒரு சத்தம்தான்டா, அப்புறம் ஒண்ணும் கேக்காது" என்றார் அன்று ராத்திரி. அவர்கள் நீச்சல் பழகியது முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையும் இடுப்பில் தாம்புக்கயிறுமாக. கயிற்றின் மறுமுனை படியில் உட்கார்ந்திருக்கும் மாமன் கையில். பிள்ளை தண்ணீரில் இருக்கும்வரை அவர் வெற்றிலைகூட மடிக்க மாட்டாராம். உங்கள் ஃப்ளோட்டர் அந்தக் குடுக்கை மாதிரி. கயிறு எங்கே என்பதுதான் என் கேள்வி.

அதனால் குழந்தை தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். 'எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்' என்பது எங்கள் பதினோரு பேர் கதைதான். கால் மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, மாறும்போது "இனி நீ பாரு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முறையில் இருப்பவருக்குப் போன் கிடையாது, குடி கிடையாது. பெரிய பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது கணக்கில் வராது.

"சின்னப் பசங்க குளம் சார், 3 அடிதான்" என்பார்கள். 3 அடி என்பது 91 செ.மீ. நாலு வயதுக் குழந்தை சுமார் 100 செ.மீ உயரம், ஆக தண்ணீர் மூக்கை மூடிவிடும். ரெண்டு வயதுக்கு அது தலைக்கு மேல்.

ரூம் கதவைத் திறந்தால் நேரே குளம் என்கிற மாதிரி அறையை எடுக்காதீர்கள். நாலு பக்கமும் 4 அடிக்குக் குறையாத வேலி, தானே மூடித் தாழ்ப்பாள் விழும் கேட் இருக்கிறதா என்று புக் செய்யும் முன்பே கேளுங்கள். குளித்து முடித்ததும் பந்து, பொம்மை எதுவும் தண்ணீரில் மிதக்கக் கூடாது, அதை எடுக்கத்தான் திரும்பப் போவார்கள். குழந்தையைக் காணோம் என்றால் முதலில் குளம், அப்புறம்தான் கட்டிலுக்கு அடியில். நீல நிற நீச்சல் உடை வேண்டாம், தண்ணீரோடு கலந்துவிடும். பளீரென்ற ஆரஞ்சு எடுங்கள்.

ஆயா சொன்னதில் ஒன்று மட்டும் தப்பு. தண்ணீர் குடித்தவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்களாம். வேண்டாம், வயிற்றை அமுக்கவும் வேண்டாம். நினைவும் மூச்சும் இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல் தொடர வேண்டும். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. ஆம்புலன்ஸ் கீழேயிருந்து வர வேண்டியிருந்தால் நேரமாகும், மூச்சில்லாமல் மூளை சில நிமிடம்தான் தாங்கும். இப்படி நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பதற்குத்தான் சிபிஆர் என்று பெயர், கிளம்புமுன் அதற்கான பயிற்சி ஒன்றுக்குப் போய்வாருங்கள். குழந்தை தேறிவிட்டாலும் இருமல் நிற்கவில்லை, மூச்சு இரைக்கிறது, சோர்ந்து தூங்கி வழிகிறது என்றால் நேரே ஆஸ்பத்திரிதான்.

அப்புறம், சின்னவன் விஷயத்தில் ரூம் பாத்ரூமையும் பாருங்கள். பக்கெட்டில் தண்ணீர் இருந்தால் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். அந்த வயதில் தலைதான் கனம். எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் தானாக எழுந்திருக்க வராது.