சிங்க் அடியில் தூளாகிப்போன பைகள்

சிங்க் அடியில் சேர்த்து வைத்த பிளாஸ்டிக் பைகளை எடுத்தால் கையோடு செதில் செதிலாக உதிர்கின்றன, கரப்பான் பூச்சி கடித்திருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அநேகமாக இல்லைங்க. கரப்பான் கடித்தால் ஓட்டைதான் விழும், பை முழுக்கத் தூளாகாது. கோலாலம்பூர் கடைகளில் 2017 வாக்கில் மக்கும் பை என்று நிறைய வந்ததே, அதில் ஒரு வகை காற்றும் சூடும் படப்பட நொறுங்கிப்போகும், அலமாரிக்குள் இருந்தாலும்தான். எங்கள் பிளாட்டிலும் அதே கதை, பழைய சேலையைச் சுற்றி வைத்திருந்த பையை எடுத்தபோது சேலையெல்லாம் வெள்ளைத் துகள், உதறி உதறிக் கை வலித்ததுதான் மிச்சம்.

அதனால் அந்த வகையைத் தனியாகப் பிரித்து இந்த மாதமே குப்பைக்குப் போட்டுத் தீர்த்துவிடுங்கள். துணி, பத்திரம் எதையும் அதில் வைக்க வேண்டாம். மற்ற பைகளைக் காற்றை அழுத்தி எடுத்து, நீளவாக்கில் மடித்து, சமோசா மாதிரி முக்கோணமாக மடக்கிக்கொண்டே போய்க் காதைச் செருகிவிட்டால், காலி மைலோ டின்னிலேயே ஏகப்பட்டது அடங்கும். மீன் வாங்கிய பையை மட்டும் சேர்க்காதீர்கள், எத்தனை கழுவினாலும் கவிச்சை போகாது, கரப்பான் வருவதே அதற்குத்தான். அப்புறம், இரண்டு பையை மடித்துக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டால் கவுண்டரில் பைக்கென்று தனியாகக் காசு கேட்கமாட்டார்கள்.