அப்பா ஏன் டீக்கடைக்குப் போவதில்லை?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி. தினமும் டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வருபவர், இப்போது திண்ணையை விட்டு இறங்குவதில்லை. திடீரென்று கோபப்படுகிறார், கண் கலங்குகிறார். "யார்கிட்டயும் சொல்லாதே" என்கிறார். மனம் விட்டுப் பேசச் சொன்னால் எழுந்து போய்விடுகிறார். மகனாக நான் என்ன செய்வது?

பதில்: மனம் விட்டுப் பேசச் சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். அவர் வெளியே போகாததற்குக் காரணம் வேட்டியாகவும் இருக்கலாம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இருமும்போதும் பெஞ்சிலிருந்து எழும்போதும் சிறுநீர் கசிவது பலருக்கு உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வரும் நாளில், பஸ்ஸில் நனைந்துவிடுமோ என்று முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்த ஒருவரை எனக்குத் தெரியும். மடியில் போட்டிருந்த துண்டைப் பேசி முடிக்கும்வரை அவர் எடுக்கவே இல்லை. அவரிடம் நான் முதலில் பேசியது பேட் பற்றித்தான்.

மருந்துக்கடையில் கசிவுக்கான பேட் கிடைக்கும். வாங்கி, ஒன்றும் சொல்லாமல் அவர் அலமாரியில் வைத்துவிடுங்கள். சிறுநீரை அடக்குவதுபோலத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டு அவர் கற்றுக்கொள்ளட்டும். பலருக்குச் சில மாதங்களில் கசிவு குறையும். டீ, காபியைக் குறைத்தாலும் உதவும். தண்ணீரை மட்டும் குறைக்க விடாதீர்கள்.

அடுத்தது அந்த ஊசி. அது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரப்பதையே அடக்குகிறது. அதனால் உடம்பு திடீரென்று சூடாகி வியர்க்கும், அசதி வரும், காரணமில்லாமல் அழுகை வரும். "உங்க மனசு பலவீனமாயிடுச்சுன்னு நினைக்காதீங்கப்பா, மருந்து செய்ற வேலை இது" என்று ஒருமுறை சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற சமயத்தில் அம்மாவுக்கும் இதே சூடு வந்திருக்கும். அவர்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ள முடியும். தாம்பத்தியம் பற்றிய கவலையும் அவருக்கு இருக்கலாம். அதை நீங்கள் கேட்க வேண்டாம். அவர்கள் இருவரிடமும் தனியாகப் பேசும்படி டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.

அப்புறம் துணை. ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. அவர் நம்பும் ஒரே ஒரு நண்பருக்காவது தெரியட்டும், யார் என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஆண்கள் பலர் எதிரெதிரே உட்கார்ந்து பேச மாட்டார்கள், சேர்ந்து நடக்கும்போது பேசுவார்கள். சாயந்திரம் சில்வர் பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நடப்பது அசதிக்கும் நல்லது. பேசாமல் வந்தாலும் சரி. ஊசி போடும் நாளில் காத்திருக்கும் இடத்தில் இதே சிகிச்சையில் இருக்கும் இன்னொருவரோடு பேச்சுக் கொடுக்க வாய்ப்பு வந்தால், நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கள். மகனிடம் கேட்காததை அவரிடம் கேட்பார்.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம் இரண்டும் கெட்டாலோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தாலோ காத்திருக்காதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அம்மாவுக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள், ராத்திரியில் அப்பாவோடு விழித்திருப்பது அவர்தானே.