பூத்துக் கொட்டும் ஆனைக்கொய்யா: உரத்தை விடுங்கள், வேரைப் பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "விதை போட்டு முளைத்த ஆனைக்கொய்யா (அவகாடோ), எட்டு வயது. இரண்டு வருடமாக மாசியில் மரம் நிறையப் பூக்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை. போன ஐப்பசி மழைக்குப் பிறகு உச்சிக் கிளைகளில் இலை சிறுத்து வெளிறிவிட்டது. தினமும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன், யூரியாவும் போட்டேன். தென்னைக்குப் போடுவதுபோல உப்புப் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு மாமி. போடலாமா?"

உப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். மாமி சொன்னது தென்னைக்குச் சரி. ஆனைக்கொய்யாவோ உப்பைச் சற்றும் தாங்காத மரம். முதிர்ந்த இலைகளின் நுனி தீய்ந்து, அந்தப் பழுப்பு உள்நோக்கி வருகிறதா என்று பாருங்கள். வருகிறதென்றால் உப்பு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. கடலோரக் கிணறுதானே, தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாலே ஓரளவு தெரியும். எம்.ஓ.பி. என்ற பொட்டாசியப் பசளையிலும் குளோரைட்டு உண்டு, அதையும் தவிருங்கள்.

ஆனால் உங்கள் மரத்தின் முதல் நோய் வேரில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இந்த மரத்துக்கு உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் அரை அடி மண்ணுக்குள்தான் பரவும். வேர்த்தூவியும் இல்லாததுபோலத்தான். தண்ணீர் தேங்கினால் அந்த வேருக்கு மூச்சு முட்டும். அந்த ஈரத்தில் பைற்றொப்தரா என்ற நுண்ணுயிர் நீந்தி வந்து வேரை அழுகவைக்கும். இதன் முழுப்பெயரில் 'சின்னமோமி' என்றும் வரும். முதலில் 1922இல் சுமாத்திராவில் கறுவா மரத்தில் கண்டதால் வந்த பெயர் அது. கறுவாவும் ஆனைக்கொய்யாவும் ஒரே குடும்பம். கறுவாத்தோட்டம் என்று ஒரு பகுதியையே வைத்திருக்கிற ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

சந்தேகம் தீர ஒரு வேலை செய்யுங்கள். அடிமரத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி, மண்வெட்டி போடாமல், கையால் மேல்மண்ணை விலக்குங்கள். நல்ல வேர் வெள்ளையாக, நுனி பால் நிறத்தில் இருக்கும், வளைத்தால் வளையும். கெட்ட வேர் கறுத்து, தொட்டாலே பொடிந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கி நிற்பதும் அதே கதைதான். தண்ணீர் இருக்கிறது, குடிக்க வாயில்லை. இலை வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம், மரம் இன்னும் மூழ்கும்.

வேர் கறுத்திருந்தால் தினசரி நீரை இன்றே நிறுத்துங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், முடிந்தால் சேர்த்துவைத்த மழைநீரை. புது வேர் வரும்வரை யூரியா வேண்டாம். வேரடியைக் கொத்தாதீர்கள். கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் விழுகிறதென்றால் பீலியைத் திருப்பிவிட்டு, மழைநீர் வடிய ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். மரத்தடியில் காய்ந்த இலை, சுள்ளி, சிறிதாக வெட்டிய பொச்சுமட்டை எல்லாம் நாலு அங்குலத்துக்குப் பரப்பலாம். அடிமரத்தைத் தொடாமல் அரை அடி விட்டு. பொஸ்பொனேற்று வகை மருந்து இந்த நோய்க்கு உதவும். அளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்காரரிடம் அல்ல.

இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இடையெல்லாம் மஞ்சளானால் அது வேறு கதை. வீடு கட்டிய சீமெந்துக் கழிவு வளவுக்குள் புதைந்திருந்தால் மண் காரமாகி, இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் போகும். கொழும்பில் இது நிறைய.

சரி, பூ. ஆயிரம் பூவுக்கு ஒரு காய் நின்றாலே இந்த மரத்துக்குப் பெரிய விளைச்சல். பூக்கும் காலத்தில் பழைய இலை உதிர்வதும் வழக்கம். ஒன்றுமே நிற்காததற்கு வேர் ஒரு காரணம். தனிமரம் என்பது மற்றது. ஒவ்வொரு பூவும் இரண்டு முறை திறக்கும், முதலில் பெண்ணாக, மறுநாள் ஆணாக. திறக்கும் நேரத்தை வைத்து மரங்களை ஏ, பீ என்று இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஏ வகை மரத்தில் பெண் பூ காலையில், ஆண் பூ அடுத்த நாள் பின்னேரம். பீ வகையில் பெண் பின்னேரம், ஆண் மறுநாள் காலை. அதனால் ஒரே மரத்தில் இரண்டும் சந்திப்பது குறைவு. மப்பும் மழையுமான நாட்களில் நேரம் குழம்பிச் சந்திப்பதும் உண்டு, ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. அப்புறம், டெங்குப் புகைக்கு நுளம்பும் தேனீயும் ஒன்றுதான். பூக்காலத்தில் புகை அடித்தால் அதுவும் ஒரு காரணம்.

வெள்ளவத்தை வளவில் இரண்டாவது மரத்துக்கு இடம் ஏது? வேர் தேறிய பிறகு, இதே மரத்தின் ஒரு கிளையில் மற்ற வகையை ஒட்டிவிடலாம். உங்கள் மரம் ஏ என்றால் பீ வகை இனங்களான பொல்லொக் அல்லது பூத்-7. பீ என்றால் ஏ வகை இனமான சிம்மொண்ட்ஸ். எல்லோரும் கேட்கிற ஹாஸ் மலைநாட்டுக் குளிருக்கு ஏற்றது, கொழும்பு வெக்கைக்கு அல்ல.

எந்த வகை என்று அறிய, அடுத்த மாசியில் திறக்கப்போகும் ஒரு மொட்டுக்காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் பாருங்கள். நடுவில் ஒற்றைத் தண்டு தனியே நிமிர்ந்து, சுற்றியுள்ள கேசரங்கள் இதழோடு படிந்து கிடந்தால் பெண். கேசரங்கள் எழுந்து நின்றால் ஆண். முதல் முறை திறந்தது காலையா பின்னேரமா என்று மட்டும் எழுதி அனுப்புங்கள், ஒட்டுக்கட்டும் முறையைச் சொல்கிறேன்.