ஒரு கிலோ, இருபது கிலோ

கேள்வி: கனடாவிலும் ஜெர்மனியிலும் கஞ்சாவை அனுமதித்துவிட்டார்கள். காசியில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே பாங் (கஞ்சா இலையை அரைத்தது) விற்கிறது. வெள்ளைக்காரன் போட்ட தடையைக் கட்டிக்கொண்டு நாம் மட்டும் ஏன் பையன்களை ஜெயிலில் தள்ளுகிறோம்? சட்டபூர்வமாக்கினால் என்ன? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வெள்ளைக்காரன் தலையில் இதைக் கட்டாதீர்கள். அவன் போட்டது வரி. 1893-இல் கமிஷன் அமைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தான். அளவோடு பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய கேடு ஒன்றுமில்லை, முழுத் தடை வேண்டாம், உரிமம் கொடுத்து வரி வசூலியுங்கள் என்று மறு ஆண்டு அறிக்கை வந்தது. (கஜானாமேல் அவனுக்கு இருந்த பாசம் ஊரறிந்தது.) தடை போட்டது சுதந்திர இந்தியா. 1961 ஐ.நா. ஒப்பந்தத்தில், மருத்துவம் அல்லாத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு கெடு இருந்தது. ஒப்பந்தம் அமலானது 1964 டிசம்பரில். கெடு முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே, 1985 நவம்பர் 14 முதல் நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) நடைமுறைக்கு வந்துவிட்டது.

பாங் தப்பித்த கதையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. கஞ்சா என்றால் செடியின் பூத்த, காய்த்த நுனிகள். அவற்றோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. ஒரே செடிதான். பூவைக் கிள்ளினால் மத்தியச் சட்டம், இலையை அரைத்தால் மாநிலக் கலால் துறை.

கோர்ட்டில் இது எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? தராசில். 2001 அக்டோபர் அறிவிக்கையின்படி ஒரு கிலோவுக்குக் கீழே 'சிறு அளவு': ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை, பத்தாண்டு வரை சிறை. இருபதைத் தாண்டினால் 'வணிக அளவு': குறைந்தபட்சமே பத்தாண்டு. அங்கே பிரிவு 37 வந்து உட்கார்ந்துகொள்ளும். குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்றினால்தான் ஜாமீன்.

இப்போது 21 கிலோ சாக்கு ஒன்று பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பூ, இலை, தண்டு எல்லாம் கலந்து கிடக்கிறது. போலீஸ் சாக்கோடு எடை போட்டு பறிமுதல் மகஜரில் எழுதிவிடுகிறது. பூவோடு ஒட்டி வந்த இலை எவ்வளவு, தனியே உதிர்ந்தது எவ்வளவு, தண்டு எவ்வளவு என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். பதில் இருக்காது. ஒன்றேகால் கிலோ கழிந்தால் போதும், வணிக அளவு போய்விடும். மாதிரி எடுப்பதிலும் இதே கோளாறுதான். கஞ்சா என்றால் 24 கிராம் வீதம் இரண்டு மாதிரி, மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்க வேண்டும். ஒரே மாதிரிப் பொட்டலங்கள் என்றால் 40 வரை ஒரு தொகுதியாகச் சேர்க்கலாம். இதை ஸ்டேஷனிலேயே வைத்து, கைக்கு வந்த ஒரு பொட்டலத்திலிருந்து கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினால், பெரிய வியாபாரியின் வக்கீலுக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது. அத்தனை தூரம் வாதாட வக்கீல் வைக்க முடியாதவன், மூட்டை தூக்கி வந்த கூலிக்காரன்தான்.

சரி, ஜெர்மனி. அங்கே 2024 ஏப்ரல் முதல் பெரியவர்கள் வெளியே 25 கிராம், வீட்டில் 50 கிராம், மூன்று செடி வைத்துக்கொள்ளலாம். பொதுக்குக் கடை திறக்கவில்லை. அதிகபட்சம் 500 உறுப்பினர் கொண்ட சங்கம் வளர்த்துத் தன் உறுப்பினருக்கு மட்டும் தரலாம். நம் 'சிறு அளவு' இதைவிட நாற்பது மடங்கு தாராளம். ஆனால் இங்கே ஒரு கிராமும் குற்றம்தான். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது, விற்பனையை ஒழுங்குபடுத்தும் முழுச் சட்டத்தைத் தயார் செய்யாமலே. தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025-இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது. டாஸ்மாக் நடத்துகிற அழகைப் பார்த்த பிறகு, கஞ்சாவுக்கும் கவுன்டர் திறக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆனால் விற்பனையைத் திறப்பது வேறு, புகைத்தவனைக் குற்றவாளி ஆக்காமல் இருப்பது வேறு. போர்ச்சுகல் 2001 ஜூலையில் இரண்டாவதை மட்டும் செய்தது. பத்து நாள் தேவைக்குள் (கஞ்சா என்றால் 25 கிராம்) வைத்திருந்தால் கிரிமினல் வழக்கு கிடையாது. மூவர் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். விற்றால் அங்கேயும் சிறைதான். நம் சட்டத்திலும் பிரிவு 64ஏ என்று ஒரு கதவு உண்டு: புகைத்த வழக்கிலோ சிறு அளவு வழக்கிலோ சிக்கிய போதை அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானே சிகிச்சைக்குச் சேர்ந்து முடித்தால் வழக்கு நடத்த முடியாது. பாதியில் விட்டால் பாதுகாப்பு பறிபோகலாம். இதில் ஓட்டை எங்கே? கதவு அடிமைக்குத்தான். சனிக்கிழமை ஒருமுறை இழுத்த கல்லூரிப் பையன் அடிமை இல்லை. அவனுக்கு, பயன்படுத்தியதற்கே தண்டனை தரும் பிரிவு 27, ஆறு மாதம் வரை சிறை. முற்றிப்போனவனுக்கு விலக்கு, தொடங்கியவனுக்கு வழக்கு என்கிற இந்த விசித்திரத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும். பிரிவு 27-ஐயும், ஒரு கிலோ வரம்புக்குள் சொந்த உபயோகத்துக்கென இத்தனை கிராம் என்று வகுத்து அதையும் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தால் போதும்.

2020 டிசம்பரில் வியன்னாவில், அந்த 1961 ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது. 27-க்கு 25 என்று தீர்மானம் தேறியது. டெல்லியில் பிரிவு 27 அப்படியே இருக்கிறது. அது மத்தியச் சட்டம், மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். நம் சட்டசபையில் எந்தக் கட்சி கஞ்சாவைப் பற்றி மேசையைத் தட்டினாலும், தண்டனை அளவில் ஒரு நாள்கூடக் குறையப் போவதில்லை. உங்கள் கேள்வியை எம்.எல்.ஏ.வுக்கு அனுப்பியிருந்தால், எம்.பி.க்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.