லேப் ஸ்டீல் கிட்டாரில் ஜாஸ் வாசிக்க உருளையைச் சாய்ப்பது ஏன்?

மடியில் கிடத்தி, கம்பிகள் மேல் எஃகு உருளையை நகர்த்தி வாசிப்பது லேப் ஸ்டீல். வாசிப்பு முறையில் நம் கோட்டுவாத்தியத்துக்கு உறவு. உருளை நேராக இருந்தால், சுருதி கூட்டிய இடைவெளிகள்தான் எந்தக் கட்டிலும் (சுர இடம் காட்டும் கோடு, ஃப்ரெட்) கிடைக்கும். வயலில் பரம்படிப்பது போல: பலகையை நேராக இழுத்தால் இரு முனையும் சேர்ந்தே போகும், சாய்த்தால் ஒன்று முந்தும்.

ஜாஸில் அடிக்கடி வரும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசை டி மைனர் 7, ஜி7, சி. சி6 சுருதியில் (தடித்த கம்பியிலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ) 5-ஆம் கட்டில் நேராக வைத்தாலே டி மைனர் 7 தயார். ஜி7-இல்தான் சிக்கல். அதன் உயிரான பி, எஃப் ஜோடி நேராக அமையாது. மெல்லிய முதல் கம்பி 13-ஆம் கட்டிலும், மூன்றாவது 14-ஆம் கட்டிலும் படும்படி சாய்க்க வேண்டும். இரண்டாவதைத் தொடாதீர்கள், அபசுரம். அடிச்சுரம் ஜி-யை பேஸ்காரர் பார்த்துக்கொள்வார். பிறகு 12-இல் நேராக்கி முதல் இரு கம்பிகளை மீட்டினால் சி-யில் வந்து அமரும்.

பெடல் (காலால் மிதித்துக் கம்பியின் சுருதியை மாற்றும் அமைப்பு) இல்லாமல் ஜாஸ் வராது என்பது தவறு. கார்டின் எல்லாச் சுரமும் கேட்க வேண்டியதில்லை, ஜி7-க்கு பி, எஃப் இரண்டே போதும்.