482 விசாவுக்கு "ஸ்பொன்சர் காசு" கட்ட வேணுமா?

களுவாஞ்சிகுடித் தம்பி கேட்டது: அவுஸ்திரேலியாவில் வெல்டிங் வேலை, 482 விசா (அங்குள்ள கம்பனி ஸ்பொன்சர் செய்து, அதாவது பொறுப்பேற்று, எடுக்கும் தற்காலிக வேலை விசா), ஏஜென்ட் "ஸ்பொன்சர் காசு" என்று 12 லட்சம் கேட்கிறார், கட்டலாமா?

கட்டாதீங்க. முதலில் கம்பனி ஸ்பொன்சராக அங்கீகாரம் எடுக்க வேண்டும். அப்புறம் இந்த வேலைக்கு இன்னார் என்று உங்களைப் பெயர் குறித்து விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டின் கட்டணமும், அவுஸ்திரேலியர்களின் தொழிற்பயிற்சி நிதிக்குக் கட்டும் வரியும் முதலாளியின் பொறுப்பு. அதை உங்கள் தலையில் கட்டுவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். மூன்றாவதாக வருவதுதான் உங்கள் விசா. விசாக் கட்டணம், மெடிக்கல், ஆங்கிலப் பரீட்சை போன்றவற்றுக்கு நீங்கள் செலவழிக்க நேரலாம். ஆனால் அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கும், வாய்ப்பேச்சு இருக்காது.

சரி, போன பிறகு வேலை போனால்? 2024 ஜூலை முதல், வேறு ஸ்பொன்சர் தேட ஒரே தடவையில் 180 நாள் வரை தருகிறார்கள். முன்பு 60 நாள்தான்.

ஏஜென்டிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிம இலக்கத்தைக் கேளுங்கள். தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள்.